மின்வாள் பயன்பாட்டில் உடல்நலப் பாதுகாப்பு

மின்வாள் பயன்பாட்டில் உடல்நலப் பாதுகாப்பு என்பது, வீட்டில் மரம் அறுப்போர் தம் நுரையீரல், கண், செவி ஆகியவற்றைத் தூசி, சிதறல், இரைச்சல் ஆகியவற்றிலிருந்து காத்துக்கொள்ளும் முறைகளைக் குறிக்கும். வாளின் அலகு பட்டு ஏற்படும் காயம் உடனே தெரியும். நுண்தூசியாலும் இரைச்சலாலும் ஏற்படும் கேடோ, பெரும்பாலும் வலியின்றிப் பல ஆண்டுகளில் சேர்ந்து வெளிப்படுவதாகும்.

நுரையீரல்

மின்வாள் அறுக்கும்போது தரையில் விழும் மரத்தூளுடன், கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியும் உண்டாகிறது. சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள துகள்கள் மூக்கைக் கடந்து நுரையீரலின் ஆழத்தை அடைகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டு மரத்தூசியை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதற் பிரிவில் சேர்த்தது. மூக்கறையிலும் அதனை அடுத்த எலும்புக் குழிகளிலும் தோன்றும் புற்றுநோய் இதனுடன் தொடர்புடையது. மரத்தூசி சிலருக்கு ஆஸ்துமாவையும் உண்டாக்கும். எம்.டி.எஃப் பலகையின் தூசி மிக நுண்ணியது. அதில் பொதுவாக ஃபார்மால்டிகைடு கலந்த பசையும் உண்டு.

முதல் தற்காப்பு தூசியைப் பரவவிடாமல் தடுப்பதே. இதற்கு வாளின் தூசிக் குழாயுடன் உறிஞ்சு கருவியை இணைக்கலாம். திறந்த வெளியில் அறுக்கலாம். முகமூடி இதற்கு அடுத்ததே. கைக்குட்டை விளிம்புகளில் காற்றை உள்ளே விடும். என்95 வகை முகமூடி 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும். எனினும் முகத்தோடு ஒட்டிப் பொருந்தினால் மட்டுமே இதனால் பயனுண்டு. தாடி இருப்பின் இடைவெளி ஏற்படும். வாளை நிறுத்திய பின்னரும் நுண்தூசி நெடுநேரம் காற்றில் மிதக்கும். எனவே உடனே முகமூடியைக் கழற்றுதல் கூடாது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மீண்டும் எழும். ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

கண்

மரச் சிம்பும், பழைய மரத்தில் மறைந்துள்ள ஆணியின் துண்டும் பெருவேகத்தில் தெறிக்கக்கூடும். சாதாரண மூக்குக்கண்ணாடிக்குப் பக்கக் காப்பு இல்லை. அதன் வில்லை மோதலைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டதும் அன்று. பக்கக் காப்புடைய பாதுகாப்புக் கண்ணாடியே ஏற்றது. முகக்கவசம் அணிந்தாலும் அதனுள் இதனை அணிய வேண்டும். கண்ணில் தூசி விழுந்தால் தேய்க்காமல் தூய நீரால் கழுவ வேண்டும். துகள் கண்ணில் குத்தி நின்றால் அதைப் பிடுங்காமல் உடனே கண் மருத்துவரை நாட வேண்டும்.

செவி

ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் 85 டெசிபல் இரைச்சலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரத்தை எல்லையாகப் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகக் குறையும். வட்ட வாளின் இரைச்சல் 100 டெசிபல் அளவை எட்டக்கூடும். அந்த அளவுக்குரிய நேரம் 15 நிமிடம் மட்டுமே. உட்செவியின் மயிர்க் கலங்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. வேலைக்குப் பின் காதில் தோன்றும் இரைச்சல் ஓர் எச்சரிக்கையாகும்.

பஞ்சு போதிய காப்பு தராது. நுரையாலான காதடைப்பானை மெல்லியதாக உருட்டி, காதை மேல்நோக்கிப் பின்னுக்கு இழுத்துச் செருகி, அது விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். கண்ணாடியின் காம்பு காதுமூடியின் விளிம்பைத் தூக்கிவிடுமாதலால், கண்ணாடி அணிவோருக்கு அடைப்பானே பொருத்தமாகும். அருகில் உள்ளோருக்கும் இதே கேடு நேரும். எனவே காப்பு அணியாதோரையும் குழந்தைகளையும் அவ்விடத்திலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும்.