"தமிழில் யோசிக்காதே" என்று சொல்லலாமா?

 

கொக்குவிலில் ஆங்கிலம் படிப்பிக்கிற எங்களுக்குப் பழகிப்போன வசனம் ஒன்று உண்டு: "ஐ ஆம் நோயிங் ஹிம்." வருடாவருடம் புதுப் பிள்ளைகள் வருவார்கள், வசனம் மட்டும் மாறாது. நாங்களும் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, "தமிழில் யோசிக்காதே" என்று சொல்லிவிடுவோம். அந்தப் புத்திமதியே பிழையோ என்று இப்போது யோசிக்கிறோம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

'பிரசன்ட் கொன்டினியுவஸ்' ஆங்கிலேயருக்கே மெல்ல மெல்லப் படிந்த வழக்கம். 1600 அளவில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், புத்தகமும் கையுமாக வரும் இளவரசனிடம், என்ன வாசிக்கிறீர்கள் என்று பொலோனியஸ் சாதாரண நிகழ்காலத்தில்தான் கேட்கிறார். இன்று சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பிள்ளை அப்படி எழுதினால் புள்ளி குறையும். "வீடு கட்டப்படுகிறது" என்பதற்கு "த ஹவுஸ் இஸ் பில்டிங்" என்றே நெடுநாள் சொன்னார்கள். "இஸ் பீயிங் பில்ட்" என்பது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டியது. 19ஆம் நூற்றாண்டு இலக்கணகாரர் பலர் அதை அவலட்சணம் என்று கண்டித்தார்கள்.

அந்தச் சண்டை ஓயும் முன்பே ஆங்கிலப் பள்ளிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டன. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நல்லூரில் ஜோசப் நைட் பாதிரியார் தொடங்கிய பள்ளிதான் இன்றைய பரி. யோவான் கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். அவர்கள் கணிதம், வானியல் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே படித்ததால் மொழி பழக்கத்தில் வந்தது.

பிறகு தாய்மொழிக் கல்வி வந்தது. ஏழைப் பிள்ளைக்கும் படிப்பு எட்டியது. அது நல்ல காரியம். ஆனால் ஆங்கிலம் ஒரு பாடவேளைக்குள் சுருங்கியது. நேரம் போதாத நாங்கள் சூத்திரம் கண்டுபிடித்தோம்: "'கொண்டிருக்கிறேன்' வந்தால் 'இங்' போடு." பிறகு 'கொண்டிருக்கிறேன்' இல்லாத இடத்திலும் பிள்ளை 'இங்' போடத் தொடங்கியது.

கவனித்துப் பாருங்கள். "எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று எந்தப் பிள்ளையாவது சொல்லுமா? தெரியும், பிடிக்கும், வேணும், விளங்கும் என்றுதான் சொல்லும். ஆங்கிலத்திலும் நோ, லைக், வோன்ட், அன்டர்ஸ்டான்ட் ஆகியவை பொதுவாக 'இங்' ஏற்காதவை. தமிழில் யோசித்திருந்தால் பிள்ளை சரியாக எழுதியிருக்கும். எங்கள் சூத்திரத்தில் யோசித்ததால்தான் பிழை வந்தது.

எல்லா மொழியும் காலத்தை ஒரே மாதிரி வெட்டுவதில்லை. அரபியில் 'யக்துபு' என்ற ஒரே சொல் எழுதுகிறான், எழுதிக்கொண்டிருக்கிறான் இரண்டுக்கும் போதும். இடம் பார்த்து எழுதுவான் என்றும் பொருள்படும். நன்னூல் சொல்லும் நிகழ்கால இடைநிலைகளில் ஒன்று 'ஆநின்று'. உண்ணாநின்றான் என்றார்கள். அன்று 'நின்று' செய்த வேலையில் ஒரு பங்கை இன்று 'கொண்டிரு' செய்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் இந்த இலக்கணம் எங்களுக்கு வலிக்கும். "வீ லிவ்" என்றால் நிரந்தரம். "வீ ஆர் லிவிங்" என்றால் தற்காலிகம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் நாங்கள் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் 'லிவிங்' என்றுதான் நினைத்தோம், கொஞ்ச நாள்தானே என்று. எந்த நாளில் அந்த 'இங்' கழன்றது என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியாது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துச் சனம் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. கொக்குவில் வீடுகளும் பூட்டப்பட்டன.

இதை வகுப்பில் விளக்க எங்களுக்குச் சூத்திரம் தேவைப்படவில்லை. "அப்பம்மா ஆக்கள் அப்ப தென்மராட்சியில இருந்தவையா, தங்கியிருந்தவையா?" என்று கேட்டோம். "தங்கியிருந்தவை, சேர்" என்று வகுப்பே சொன்னது. 'இங்' எங்கே வரும் என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

ஆங்கிலம் படிப்பிக்கும் நண்பர்களே, பிள்ளைகளைத் தமிழில் யோசிக்க விடுங்கள். யோசித்து முடிந்த பிறகு எழுதட்டும்.