நூலகத்துக்குள் நுழைந்த விக்கி



நூலகப் புத்தகத்தில் அச்சுப்பிழையைக் கண்டு பென்சிலால் திருத்தினால் நமக்குக் கிடைப்பது அபராதம்தான். வாசகனின் பென்சிலுக்கு நூலகங்களே இடம் கொடுத்த வரலாறு ஒன்று உண்டு.

1995 மார்ச் 25-ல், வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் யார் வேணும்னாலும் திருத்தக்கூடிய தளம் ஒன்றைத் திறந்தார். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பஸ்ஸின் பெயரையே அதற்கு வைத்தார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. 2001-ல் விக்கிப்பீடியா, 2003-ல் பழைய நூல்களுக்கென்றே விக்கிமூலம்.

கண்டவரும் கை வைத்தால் மூலநூல் என்னாவது? நியாயமான கேள்வி. விக்கிமூலம் சொன்ன விடை என்னைப் போன்ற பொறியாளனுக்கு ரொம்பப் பிடித்தது. ஒருபுறம் ஸ்கேன் செய்த பக்கம், மறுபுறம் எழுத்து. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்தால் மஞ்சள். வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. டிராயிங் ஷீட்டில் வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கையெழுத்து கேட்போமே, அதே சங்கதி!

2020 ஊரடங்கில் ஸ்காட்லாந்து தேசிய நூலகம் மூடிக்கிடந்தபோது, அதன் ஊழியர்கள் வீட்டிலிருந்தே இந்த வேலையில் இறங்கினார்கள். எடுத்துக்கொண்டவை, ஒரு காலத்தில் தெருவில் மலிவாக விற்ற பாட்டு, கதைச் சிறுநூல்கள். நம்மூர் குஜிலிப் புத்தகங்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம்.

தமிழிலோ, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக 2016 வாக்கில் 2,000-க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. படத்தைப் படித்து எழுத்தாக்குவது கணினிதான். ஆனால் அது 'ர'வையும் துணைக்காலையும் குழப்பிக்கொள்ளும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா வடிவங்களைக் கண்டால் திணறிப் போகும். ஓர் எழுத்து பிசகினாலும் தேடுகிற சொல் அகப்படாது. பக்கம் இருந்தும் இல்லாத கதைதான். பெரிய அறிஞர் வேண்டாம், பொறுமையாகத் தமிழ் படிக்கிற ஒரு ஜோடிக் கண் போதும்.

நானும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று பக்கம் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். என் மஞ்சள் பக்கங்கள் அப்படியே நிற்கின்றன. உங்களில் யாராவது வந்தால்தான் அவை பச்சையாகும்.