கொள்ளையர் நாடகமும் கொள்ளைபோன நாடகமும்

போன வருஷம் எங்கள் குடியிருப்பு அன்பர்கள் சேர்ந்து, பிள்ளைகளை வைத்து ஒரு கடற்கொள்ளையர் பாட்டு நாடகம் போட்டார்கள். என் பேத்தியும் ஒற்றைக் கண்ணைக் கறுப்புத் துணியால் மூடி, அட்டைக் கத்தியோடு மேடையேறினாள். கதை எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். இங்கிலாந்தின் 'பென்சான்ஸ் கடற்கொள்ளையர்' என்றார்கள். வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். படிக்கப் படிக்க, மேடைக்கு வெளியே நடந்த கொள்ளைதான் பெரிது என்று தெரிந்தது.

முதலில் கதை. பையனைக் கப்பல் 'பைலட்'டிடம் தொழில் பழகச் சேர்க்கச் சொல்கிறார் தகப்பனார். செவிலிக்குக் காது மந்தம். 'பைரேட்' என்று கேட்டு, கொள்ளையரிடம் சேர்த்துவிடுகிறாள்! இருபத்தோராவது பிறந்தநாள் வரை அங்கே இருக்கவேண்டும் என்று ஒப்பந்தம். பையன் பிறந்ததோ பிப்ரவரி 29. நாலு வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள் என்றால், விடுதலை கிடைக்கும்போது எண்பது வயது தாண்டிவிடும். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவனும் திரும்பிப் போகிறான்.

எழுதியவர் கில்பர்ட், இசை சல்லிவன். இவர்களுடைய 'பினாஃபோர்' 1878 மே மாதம் லண்டனில் அரங்கேறியது. அமெரிக்கச் சட்டம் அப்போது அயல்நாட்டார் எழுத்துக்குக் காப்புரிமை தரவில்லை. அங்கே ஊருக்கு ஊர் கம்பெனிகள் அதை நடத்திப் பணம் பார்த்தன. பெற்றவர்களுக்குக் காலணாக்கூட வரவில்லை.

அதனால் அடுத்த நாடகத்தை நியூயார்க்கிலேயே அரங்கேற்ற இருவரும் கப்பலேறினார்கள். 1879 டிசம்பர் 31 அரங்கேற்றம். பிரிட்டிஷ் உரிமையும் போய்விடக்கூடாதே! முதல் நாள், டிசம்பர் 30 அன்று, இங்கிலாந்தில் பெயின்டன் என்ற சிற்றூரில் பெயரளவுக்கு ஒரு காட்சி. நடிகர்கள் பழைய 'பினாஃபோர்' உடுப்போடு, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கையில் பிரதியை வைத்துப் படித்தே நடித்தார்கள். சல்லிவனோ முதல் அங்கத்தின் இசைக் குறிப்புகளை இங்கிலாந்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்தவர். நினைவிலிருந்து மறுபடி எழுதவேண்டியிருந்தது. நாடகத்துக்குக் கொள்ளையர் என்று பேர் வந்ததில் உள்ள குத்தல் இப்போது புரிகிறதல்லவா?

1884 டிசம்பரில் லண்டன் சவாய் அரங்கில் இதையே முழுக்கக் குழந்தைகளைக் கொண்டு நடத்தினார்கள். ஆக, சிறுவர் கொள்ளையர் புதுசு இல்லை. அயல்நாட்டு எழுத்துக்கு அமெரிக்கா பாதுகாப்புத் தந்தது 1891இல். கில்பர்ட் 1911இல் இறந்தார். ஐம்பது வருஷம் கழித்து, 1961 முடிவில், பிரிட்டனில் உரிமை தீர்ந்தது. இன்று இந்த நாடகம் எல்லோருக்கும் பொது. எங்கள் பிள்ளைகள் யாரிடமும் திருடவில்லை.

திருடியவன் நான். எங்கள் சமண இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதங்கள். அதில் ஒன்று கள்ளாமை. தான் திருடாதிருந்தால் மட்டும் போதாது. திருட ஏவுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, கள்ள எடை போடுவது எல்லாமே அந்த விரதத்துக்குக் குற்றம். இருபத்தைந்து வருஷத்துக்கு முன், நம் சங்கப் பொங்கல் விழாவுக்கு ஊரிலிருந்து ஒரு நாடகப் புத்தகம் கொண்டுவந்து, ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். மேலட்டை கிழிந்திருந்தது, யார் எழுதியது என்று விசாரிக்கவில்லை. அழைப்பிதழில் பூமாலை உபயம் செய்தவர் பேர், மைக் செட்காரர் பேர் எல்லாம் இருந்தது. எழுதியவர் பேர் இல்லை. எடையில் ஒரு கிராம் குறைந்தால் தூக்கம் வராதவன், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அந்த ஆசிரியர் யார் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். சங்க அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நாடகம் போடுமுன் எழுதியவரைக் கேளுங்கள். அழைப்பிதழில் அவர் பேரை முதலில் போடுங்கள். கொடுக்கவேண்டிய தொகை இருந்தால் இந்த வருஷத்துக்கு என் கடையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பாக்கி அது.