நானா அஸ்மாவு: எழுத்தறிவும் அடிமை உழைப்பும்

நானா அஸ்மாவு (1793–1864) பற்றிய அறிமுகக் குறிப்புகள் பெரும்பாலும் அவரைப் பெண்கல்வியின் முன்னோடியாக முன்வைக்கின்றன. அது பொய்யன்று. ஆயினும் அவர் ஓர் அடிமைச் சமூகத்தின் ஆளுங்குடும்பத்தைச் சேர்ந்தவர் என்ற செய்தி அங்கே ஒரு வரியில் கடந்துவிடுகிறது. அந்த வரியை விரிக்காமல் அவருடைய கல்விப்பணியையே விளங்கிக்கொள்ள இயலாது என்பது என் கருத்து.

அவருடைய தந்தை உஸ்மான் டான் ஃபோடியோ, ஹவுசா அரசர்களுக்கு எதிராக 1804இல் புனிதப்போர் தொடங்கினார். சுதந்திரமான முஸ்லிம்களை அவ்வரசர்கள் அடிமைப்படுத்தினர் என்பது அவர் சாட்டிய குற்றங்களுள் ஒன்று. 1808இல் கோபிரின் தலைநகர் அல்கலாவா வீழ்ந்தது. வெற்றிக்குப் பின் உருவான சொக்கோட்டோ கலீஃபகம் அடிமைமுறையை ஒழிக்கவில்லை. யாரை அடிமைப்படுத்தலாம் என்ற எல்லையை மட்டும் மாற்றி வரைந்தது. போர்க்கைதிகள் 'ரிஞ்ஜி' எனப்பட்ட பண்ணைக் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். அதமாவா போன்ற சிற்றரசுகள் அடிமைகளையே திறையாக அனுப்பின. நூற்றாண்டின் இறுதியில் அங்கே 10 முதல் 25 லட்சம் அடிமைகள் இருந்தனர் என லவ்ஜாயும் ஹோகன்டார்னும் மதிப்பிடுகின்றனர்.

அஸ்மாவுவின் சகோதரர் பெல்லோ 1817 முதல் 1837 வரை கலீஃபா. கணவர் கிடாடோ அவருடைய வசீர். அதிகாரத்தின் நடுமுற்றத்தில்தான் அவர் வாழ்ந்தார்.

மொழியியல் மாணவர் கவனிக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. அவர் அரபு, ஃபுல்ஃபுல்டே, ஹவுசா ஆகிய மூன்றிலும் எழுதினார். பின்னிரண்டையும் எழுதியது அஜமி எனும் அரபு வரிவடிவத்தில். ஃபுல்ஃபுல்டே அவருடைய குலத்தின் மொழி. அறிஞர் வட்டத்திற்கு அரபு. ஹவுசாவோ தோற்றவர்களின் மொழி. கைதாகி வந்து ஃபுலானி வீடுகளில் நீர் சுமந்தவர்களும் மாவரைத்தவர்களும் காமக்கிழத்தியராக வைக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் பேசியது அதைத்தான். ஆகவே எளிய ஹவுசாச் செய்யுள் அவர்களை வென்றவர்களின் சமயத்திற்குள் இழுக்கும் கருவியாயிற்று. இதை அன்பு என்பதா, ஆட்சித் தந்திரம் என்பதா? இரண்டையும் பிரித்தெடுக்க முடியும் என நான் நம்பவில்லை. எஜமானனுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப்பெண் அவன் இறந்தபின் விடுதலை பெறுவாள். அவள் மகன் பிறப்பிலேயே சுதந்திரன், அரியணைக்கும் உரியவன். அத்தாய்களுக்குக் கற்பித்தல் என்பது நாளைய ஆளும் வர்க்கத்தை உருவாக்குதலும் ஆகும்.

'யன் தாரு' எனும் அவருடைய பெண்கள் அமைப்பின் தலைவியர் 'ஜாஜி' எனப்பட்டனர். அவர்களுக்கு அவர் அளித்த அடையாளம் 'மல்ஃபா' எனும் தொப்பி. அது கோபிரில் போரி ஆவிவழிபாட்டின் தலைவியான 'இன்னா' அணிந்தது! தோற்கடிக்கப்பட்ட சமயத்தின் சின்னத்தை எடுத்து வென்ற சமயத்தின் ஆசிரியை தலையில் சூட்டிய இச்செயலைவிடக் கூர்மையான அரசியலை அவருடைய செய்யுள்களில்கூட நான் கண்டதில்லை.

ஃபுல்ஃபுல்டேயில் சுதந்திரன் 'டிமோ', பன்மை 'ரிம்பே'. அடிமை 'மச்சுடோ', பன்மை 'மச்சுபே'. 1903இல் பிரிட்டிஷ் படை சொக்கோட்டோவைக் கைப்பற்றியது. அடிமைமுறையின் சட்டத்தகுதி வட நைஜீரியாவில் முற்றாக நீங்கியது 1936இல்தான். யன் தாரு இன்றும் இயங்குகிறது.