எலெக்ட்ரிக்கா, ஹைப்ரிட்டா? தேவதானத்துல கார் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

வீட்டுக்கு ஒரு கார் வாங்கணும். பெட்ரோல் விலையைப் பார்த்தால் பயமா இருக்கு. எலெக்ட்ரிக் கார் வாங்கினா நடுரோட்டில் நின்னுடுமோன்னு சந்தேகம். ஹைப்ரிட் நல்லதுன்னு சொல்றாங்க, ஆனா விலை எட்டல. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரத்தில் இன்னைக்கு கார் வாங்க நினைக்கும் பல குடும்பங்களின் நிலை இதுதான்.

யூடியூப் விமர்சனங்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு டிராஃபிக்கை மனதில் வைத்துச் சொல்பவை. தேவதானம், சேத்தூர் போன்ற ஊர்களில் கதையே வேறு. சொந்த வீடு, வாசலிலேயே வண்டி நிறுத்த இடம், தினமும் ராஜபாளையம் வரை போய்வர முப்பது கிலோமீட்டருக்குள் ஓட்டம். இது எலெக்ட்ரிக் காருக்கு ரொம்பவே சாதகம். ஆனால், பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி மதுரைக்குப் போகணும். இது பாதகம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் முடிவு இருக்கு.

பேர் ஒண்ணு, வண்டி வேற!

ஷோரூமில் 'ஹைப்ரிட்' என்றதும் மயங்கிவிடாதீர்கள். அதில் இரண்டு வகை உண்டு.

மைல்டு ஹைப்ரிட்: மாருதி எர்டிகா, பிரெஸ்ஸாவில் 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' என்று வருவது இதுதான். சின்ன மோட்டார் ஒன்று இன்ஜினுக்கு லேசாகக் கைகொடுக்கும், அவ்வளவுதான். கரன்ட்டில் மட்டும் வண்டி நகராது. இதைப் பெட்ரோல் கார் என்றே கணக்கில் வையுங்கள்.

ஸ்ட்ராங் ஹைப்ரிட்: டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி இ-ஹெச்.இ.வி ஆகியவற்றில் இருப்பது. மெதுவாகப் போகும்போது இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியில் ஓடும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைத் திரும்பப் பிடித்து பேட்டரியில் சேர்க்கும். ப்ளக் போட வேண்டியதில்லை, போடவும் முடியாது. 1997-ல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் மூலம் பிரபலமான அதே நுட்பம்தான்.

எலெக்ட்ரிக்: இன்ஜினே கிடையாது, பேட்டரியும் மோட்டாரும்தான். '24 கிலோவாட் ஹவர் பேட்டரி' என்றால், 24 யூனிட் கரன்ட் பிடிக்கிற டேங்க் என்று புரிந்துகொள்ளுங்கள். ஒரு யூனிட்டுக்குச் சின்ன கார் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும்.

கரன்ட் பில் எவ்வளவு ஏறும்?

இங்கேதான் பலரும் தப்புக் கணக்கு போடுகிறார்கள். நமக்கு பில் வருவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டும் பாதி விலைதான். 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். அதற்குமேல் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல், 1000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல் என ஏறிக்கொண்டே போகும்.

உதாரணமாக, உங்கள் வீட்டில் இப்போது இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடுகிறது. பில் சுமார் 700 ரூபாய். காரை மாதம் 800 கிலோமீட்டர், அதாவது இரண்டு மாதத்தில் 1,600 கிலோமீட்டர் ஓட்டினால் கூடுதலாக 230 யூனிட் ஆகும். மொத்தம் 530 யூனிட். பில் சுமார் 2,300 ரூபாய். ஆக, காருக்கான செலவு 1,600 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்!

வீட்டில் ஏ.சி. ஓடி ஏற்கெனவே 600 யூனிட் தொடுகிறது என்றால், அதே 230 யூனிட்டுக்குச் சுமார் 2,200 ரூபாய் ஆகும். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் 40 பைசா.

இதே 1,600 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கார் என்றால்? லிட்டருக்கு 16 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் 10,100 ரூபாய். ஸ்ட்ராங் ஹைப்ரிட் நிஜத்தில் 22 கொடுத்தால் சுமார் 7,350 ரூபாய்.

ஒரு வருஷத்துக்கு எலெக்ட்ரிக்கில் மிச்சம் சுமார் 50,000 ரூபாய். ஹைப்ரிட்டில் மிச்சம் சுமார் 16,500 ரூபாய். ஒரே அளவு காரில் பெட்ரோலைவிட எலெக்ட்ரிக்கோ ஹைப்ரிட்டோ இரண்டரை, மூன்று லட்சம் அதிகம் என்று வையுங்கள். எலெக்ட்ரிக்கில் அந்தப் பணம் ஐந்தாறு வருஷத்தில் திரும்பிவிடும். ஹைப்ரிட்டில் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும்.

ஆனால், மாதம் 400 கிலோமீட்டர்கூட ஓட்டாத வீடு என்றால் எலெக்ட்ரிக்கும் லாபம் தராது. கோயில், கல்யாணம் என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற காருக்கு சாதா பெட்ரோல் வண்டியே போதும்.

மதுரைக்குப் போய்த் திரும்ப முடியுமா?

கம்பெனி சொல்லும் ரேஞ்ச் சோதனைக்கூடக் கணக்கு. ஏ.சி. போட்டு, நாலு பேர் ஏறி, 80-ல் போகும்போது அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். அதிலும் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

* எம்.ஜி. காமெட் (17.3 யூனிட் பேட்டரி, கம்பெனி கணக்கு 230 கி.மீ.): நிஜத்தில் 150, நம்பி ஓட்ட 120.
* டாடா டியாகோ இ.வி. (24 யூனிட், 315 கி.மீ.): நிஜத்தில் 210, நம்பி ஓட்ட 170.
* எம்.ஜி. விண்ட்சர் (38 யூனிட், 331 கி.மீ.): நிஜத்தில் 220, நம்பி ஓட்ட 175.
* டாடா பன்ச் இ.வி. (35 யூனிட், 421 கி.மீ.): நிஜத்தில் 280, நம்பி ஓட்ட 225.

தேவதானத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பட்டியலில் பன்ச் மட்டுமே நிம்மதியாகப் போய்வரும். டியாகோவும் விண்ட்சரும் மதுரையில் ஒருமுறை ஃபாஸ்ட் சார்ஜரில் நிற்க வேண்டும். டியாகோவில் 10-லிருந்து 80 சதவிகிதம் ஏற ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். வீடு திரும்ப அரை மணி நேரச் சார்ஜ் போதும். காமெட்டில் டி.சி. ஃபாஸ்ட் சார்ஜிங் வசதி இல்லை, நாலு பேர்தான் உட்கார முடியும். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

கிளம்பும் முன் செயலியில் சார்ஜர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றை நம்பிப் போகாமல், பக்கத்தில் இரண்டாவதையும் குறித்து வையுங்கள். செங்கோட்டை வழியாகச் சபரிமலை போகிறவர்கள் மலை ஏற்றத்தில் சார்ஜ் வேகமாக இறங்கும் என்பதையும், இறக்கத்தில் கொஞ்சம் திரும்ப ஏறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வயசான அப்பா, அம்மா இருக்கிற வீடா? அப்படியென்றால் ஒரு கட்டாய விதி: இரவு படுக்கப் போகும்போது பேட்டரி 60 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. டியாகோவில் 60 சதவிகிதம் என்றால் நடுராத்திரியிலும் மதுரை ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விடலாம். பெட்ரோல் வண்டியை ரிசர்வில் ஓட்டுகிற பழக்கம் இங்கே ஆகவே ஆகாது.

வீட்டு வயரிங் தாங்குமா?

எலெக்ட்ரிக் கார் புக் பண்ணும் முன்னாடி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சின்ன கார்களுக்கு 15 ஆம்பியர் ப்ளக் போதும். ஆனால், அந்த பாயின்ட்டுக்கு மீட்டர் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் வேண்டும். ஏ.சி. பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுவது தீ விபத்துக்கு வழி.

பழைய வீடுகளில் அனுமதிக்கப்பட்ட மின்பளு குறைவாக இருக்கும். சார்ஜர் மட்டுமே 3 கிலோவாட் இழுக்கும். மின்வாரிய அலுவலகத்தில் லோடு கூட்டித்தரச் சொல்லி மனு கொடுங்கள். ராத்திரியில் வோல்டேஜ் இறங்குகிற தெரு என்றால், இரண்டு நாள் அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: தோப்பில் இருக்கும் இலவச விவசாய கனெக்‌ஷனில் கார் சார்ஜ் போடாதீர்கள். அது பாசனத்துக்கு மட்டும். பிடிபட்டால் அபராதம் கட்ட வேண்டிவரும்.

மொட்டை மாடியில் சோலார் போடலாமா? 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. வெயில் நாளில் 12 யூனிட் வரை கிடைக்கும். 500 யூனிட் கோட்டைத் தாண்டாமல் இருக்க இது உதவும்.

வரி, மானியம்: எது நிஜம்?

எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். 4 மீட்டருக்கு மேல் நீளமான ஹைப்ரிட் கார்களுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவிகிதம். இதற்குமேல் தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவிகிதம் ஆயுள் வரி. 16 லட்சத்துக்கு மேல் தொடங்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு இந்த வரி மட்டுமே 3 லட்சத்தை நெருங்கும்.

எலெக்ட்ரிக் கார்களுக்கு ஆயுள் வரி விலக்கு, காலவரம்போடு வரும் அரசாணைப்படி கிடைப்பது. 2023 கொள்கைப்படி 2025 டிசம்பர் வரை என்றிருந்தது. நீங்கள் பதிவு செய்யும் தேதியில் என்ன நிலவரம் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

'மத்திய அரசு மானியம் வரும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சொந்த உபயோக கார்களுக்கு மானியம் இல்லை. கடன் வட்டிக்கான 1.5 லட்சம் ரூபாய் வருமான வரிச் சலுகையும் 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களோடு முடிந்துவிட்டது. ஆனால், மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் எலெக்ட்ரிக்குக்கு 15 சதவிகிதம், ஹைப்ரிட்டுக்கு 7.5 சதவிகிதம் தள்ளுபடி உண்டு. கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி வாடகை லாபமா?

விலையைக் குறைத்துக் காட்ட வந்த திட்டம் இது. 2024 செப்டம்பரில் விண்ட்சர் 9.99 லட்சத்துக்கு அறிமுகமானபோது, பேட்டரிக்குத் தனியாகக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. அதோடு கரன்ட் செலவையும் சேர்த்தால் நாலரை, ஐந்து ரூபாய். அதாவது ஹைப்ரிட் செலவுக்கே வந்துவிடுகிறது! மாதம் குறைந்தது இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டணம் கட்டியே ஆகணும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் கேளுங்கள். குறைவாக ஓட்டுகிற வீட்டுக்கு அது சுமை.

கையெழுத்து போடும் முன் கேட்க வேண்டியவை

* பேட்டரி வாரன்டி எத்தனை வருஷம்? 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. என்பது பொதுவான அளவு. வண்டியை விற்றால் அடுத்தவருக்கும் அது செல்லுமா?
* எலெக்ட்ரிக் வண்டி பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் எங்கே? ராஜபாளையத்திலா, மதுரையிலா?
* பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கினால் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையை சர்வீஸ் சென்டரில் எடுத்துத் தருவார்களா?
* டெஸ்ட் டிரைவில் ஏ.சி. போட்டு, வீட்டு ஆட்கள் எல்லாரையும் ஏற்றி 30 கிலோமீட்டர் ஓட்ட விடுவார்களா? எத்தனை சதவிகிதம் குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவா என்ன வாங்கலாம்?

மாதம் 400 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டினால்: சின்ன பெட்ரோல் கார். மிச்சமாகும் பணத்தைக் கடன் குறைக்கப் பயன்படுத்துங்கள்.

மாதம் 700 முதல் 1,500 வரை, பெரும்பாலும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி என்றால்: எலெக்ட்ரிக். வீட்டில் ஒரே கார், மதுரைக்கு அடிக்கடி வேலை என்றால் பன்ச் மாதிரிப் பெரிய பேட்டரி. எப்போதாவதுதான் மதுரை என்றால் டியாகோ போதும்.

மாதம் 2,500 கிலோமீட்டர், இன்று திருச்சி, நாளை கொல்லம் என்று வியாபாரத்துக்கு அலைபவர் என்றால்: ஸ்ட்ராங் ஹைப்ரிட். வருஷத்துக்கு 50,000 ரூபாய் மிச்சமாகும். ஐந்தாறு வருஷத்தில் கூடுதல் விலை திரும்பும். சார்ஜர் தேடி நிற்கவும் வேண்டாம். ஆனால், நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அதன் மைலேஜ் ஊருக்குள் கிடைப்பதைவிடக் குறையும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இடைப்பட்ட ஓட்டம் இருக்கிறவர்கள் ஒரு மாதம் பொறுங்கள். போன தூரத்தையெல்லாம் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எந்த கார் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.