பந்தலுக்கு எத்தனை கால்?

கல்யாணப் பந்தலுக்கு 12 கால் நடலாமா, 11 கால்தானா? மாப்பிள்ளை குதிரையேறி வரலாமா? ஊர்வலத்தில் அனுமார் கொடி பிடிக்கும் உரிமை யாருக்கு? தமிழகத்திலும் அதை ஒட்டிய கன்னட, தெலுங்கு நாடுகளிலும் இப்படிப்பட்ட கேள்விகளுக்காக மண்டைகள் உடைந்திருக்கின்றன, தெருக்கள் எரிந்திருக்கின்றன, ஊரே காலிசெய்து கிளம்பியிருக்கிறது. சண்டையிட்ட இரு தரப்புக்கும் பெயர் வலங்கை, இடங்கை.

இன்று இந்தப் பெயர்களைக் கேட்டால் கல்வெட்டு படிப்பவர்கள்தான் தலையாட்டுவார்கள். 18ஆம் நூற்றாண்டுச் சென்னையில் இவை தெரியாமல் ஒருவர் வீடுகூட வாங்கியிருக்க முடியாது. நிலத்தையும் தானியத்தையும் சார்ந்த சாதிகள் பெரும்பாலும் வலங்கை. கம்மாளர், பேரிச் செட்டிகள் என்று கைத்தொழிலிலும் வணிகத்திலும் இருந்தவர்களில் பலர் இடங்கை. கணக்கு இவ்வளவு சுத்தமாக எங்கும் இருந்ததில்லை. கோமுட்டி வணிகர் வலங்கைப் பக்கம் நின்றார்கள். பறையர் வலங்கை, பள்ளர் இடங்கை. சில சாதிகளில் கணவன் ஒரு கை, மனைவி மறுகை; கலவரக் காலத்தில் அந்த வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகரின் கற்பனைக்கே விட்டுவிடலாம். பிராமணர் இரண்டிலும் சேராமல் ஒதுங்கி நின்றார்கள். ஒதுங்கி நின்றதாகச் சொல்லிக்கொண்டார்கள் என்பதே சரி.

முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில், அதாவது 1071ஐ ஒட்டி, சோழநாட்டு ராஜமகேந்திரச் சதுர்வேதிமங்கலத்தில் இரு கையாரும் மோதிக்கொண்டதைக் கல்வெட்டு பதிவுசெய்திருக்கிறது. ஊர் கொளுத்தப்பட்டது. கோயில்கள் இடிக்கப்பட்டன. தெய்வத் திருமேனிகளும் கோயில் பண்டாரமும் கொள்ளை போயின. கொள்ளையடித்தவர்கள் வேறு மதத்தார் அல்லர். அந்தத் தெய்வங்களையே கும்பிட்டவர்கள், அந்தப் பண்டாரத்துக்கே காணிக்கை கொடுத்தவர்கள். கடவுள் பக்தி கோயிலைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை அன்று அந்த ஊரில் எடுபடவில்லை.

மதப் பூசல் என்று எளிதாகப் பெயர் ஒட்டிவிட இங்கே வழியில்லை. இரு கைகளிலும் சைவரும் உண்டு, வைணவரும் உண்டு. கொள்கை பற்றி இவர்கள் வாதாடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் சண்டை வெடித்த இடங்களைப் பார்த்தால் தேரோடும் வீதி, கோயில் மண்டபம், அம்மன் திருவிழா, கல்யாண ஊர்வலம் என்று எல்லாமே சமயம் சார்ந்தவை. காரணம் மறைபொருள் இல்லை. ஒரு மனிதனுக்கு ஊரில் என்ன மரியாதை என்பது அளக்கப்பட்டதே அங்கேதான். யார் முன்னால் நடப்பது, யாருக்குக் குடை, யார் தெரு வழியாகச் சாமி வரும் என்பதெல்லாம் ஊரறியத் தீர்ந்த இடம் அது. சண்டைக்குப் பொருளைக் கொடுத்தது மானம். மேடையையும் நாளையும் கொடுத்தது சமயம்.

திருச்சிராப்பள்ளிப் பக்கத்து ஊட்டத்தூரில் 1218ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இடங்கைப் பிரிவினர் தங்கள் பிறப்பைச் சொல்லிக்கொள்கிறார்கள்: காசிப முனிவரின் வேள்விக் குண்டத்திலிருந்து தோன்றினார்களாம், அரசன் ஒருவன் வடக்கிலிருந்து அந்தணரை அழைத்து வந்தபோது அவர்களுக்குக் குடையும் செருப்பும் தாங்கி உடன் வந்தார்களாம். இனி ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருப்போம் என்று சத்தியம் செய்கிறார்கள். தங்கள் அடையாளங்கள் எவை என்று பட்டியலிடுகிறார்கள். குடையும் கொம்பும் அந்தக் காலத்துக்கு அலங்காரமல்ல. சட்டப் புத்தகமும் சாட்சிப் பத்திரமும் அவைதான்.

மானம், விசுவாசம், கொடுத்த வாக்கு ஆகியவை சண்டையை மட்டும் வளர்க்கவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. இலங்கையின் பொலன்னறுவையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. வேளைக்காரர் என்ற கூலிப்படையினர் புத்தரின் பல் வைத்த கோயிலைத் தங்கள் காவலில் ஏற்று, உயிர் உள்ளவரை காப்போம் என்று உறுதி கூறும் சாசனம் அது. அந்தப் படையில் வலங்கையும் உண்டு, இடங்கையும் உண்டு. பௌத்தர்களின் புனிதப் பொருளைக் காக்க இரண்டு கைகளும் சேர்ந்தன. இதே வேளைக்காரர்கள்தான் இலங்கை மன்னன் முதலாம் விஜயபாகு சோழநாட்டின்மேல் படையெடுக்க ஆயத்தமானபோது அவனை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள்.

1429இல் நடந்தது இன்னும் சுவையானது. விசயநகர ஆட்சியில் வரிச்சுமை தாங்கமுடியாமல் போனது. திருவைகாவூர், கொறுக்கை, ஆடுதுறைக் கல்வெட்டுகள் சொல்கின்றன: வலங்கை 98 சாதிகளும் இடங்கை 98 சாதிகளும் ஒன்றுகூடின. எந்த வரி எவ்வளவு என்று தாங்களே முடிவுசெய்து கல்லில் வெட்டின. அதிகாரிகளுக்கும் அவர்களுக்குத் துணைபோன நிலக்கிழாருக்கும் யாரும் ஒத்துழைக்கக் கூடாது என்றன. முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஊரை மற்றவர் கொளுத்திய அதே பிரிவுகள்! பழம்பகை இரத்தத்தில் ஊறியது, மாற்றவே முடியாது என்று பேசுகிறவர்கள் இந்தக் கல்வெட்டுகளைத் தாண்டித்தான் போகவேண்டும்.

98 என்பதை அப்படியே எண்ணிக்கையாகக் கொள்ள வேண்டியதில்லை. 1800ஆம் ஆண்டில் மைசூர் வட்டாரத்தில் சுற்றிய பிரான்சிஸ் புக்கானனிடம் வலங்கையில் 18, இடங்கையில் 9 என்று கணக்குச் சொன்னார்கள். பந்தல் கால் விவகாரமும் அவர் எழுதி வைத்ததே. இந்தப் பிரிவினை காஞ்சிபுரத்தில் காளியின் ஆணைப்படி செய்யப்பட்டது, அதற்கான செப்பேடு அவள் கோயிலில் இருக்கிறது என்று இரு தரப்பும் அவரிடம் அடித்துச் சொன்னார்களாம். இரு தரப்பும் கையில் நகல் வைத்திருந்தார்கள். ஒரு நகல் சொன்னதற்கு நேர்மாறாக இருந்தது மற்றது. காளியின் பேரைச் சொன்னால் எதிராளியால் மறுக்க முடியாது. எதிராளியும் அதே காளியைச் சொன்னால் தடிதான் மிச்சம். அந்தக் காஞ்சியிலேயே இரு கையாருக்கும் தனித்தனி மண்டபம், தனித்தனி தேவதாசியர்.

ஆங்கிலக் கம்பெனி வந்தபின் வழக்கின் கனம் கூடியது. துணி வியாபாரத்தில் புதிதாகப் பணம் புரண்டது. அந்தப் பணம் பழைய வரிசைப்படி பங்காகவில்லை. கோட்டையை நம்பிக் குடியேறிய இடங்கை வணிகர் சிலர் திடீரென்று பெரிய கையானார்கள். பெட்டி நிறைந்தவன் அடுத்தபடி கேட்பது ஊர்வலத்துக்குத் தெரு. 1652இலேயே சென்னைக் கறுப்பர் பட்டணத்தில் இந்தத் தகராறு முற்றி, எந்தத் தெரு யாருக்கு என்று உடன்படிக்கை எழுதவேண்டி வந்தது.

1707இல் அது மறுபடி வெடித்தபோது கவர்னர் தாமஸ் பிட். 410 காரட் வைரத்தை வாங்கி விற்றுப் பெரும் பணம் பார்த்தவர். சரக்கும் ஒப்பந்தமும் நன்றாகத் தெரிந்தவர், ஊர்வலம் தெரியாதவர். இடங்கையாரின் கல்யாண ஊர்வலம் ஒன்று வலங்கையார் தங்களுடையது என்று கருதிய தெருவில் நுழைந்தது. பஞ்சாயத்து கூட்டினார். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று வகுத்தார். எல்லைக்குக் கல்லும் நடப்பட்டது. வலங்கையார் ஏற்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு முகலாயர் வசமிருந்த சாந்தோமுக்குக் கூட்டமாகப் போய்விட்டார்கள். உழைப்பாளிகள் இல்லாமல் கம்பெனியின் வேலை முடங்கியது. படையை அனுப்பி இழுத்து வரலாமா என்றுகூட பிட் யோசித்தார்; கடைசியில் சமாதானம் பேசித்தான் அழைத்து வர முடிந்தது. இந்த ஆத்திரத்தில், கலகத்தைத் தூண்டிவிட்டதாகத் தம் ஆலோசனைச் சபை உறுப்பினர் வில்லியம் பிரேசர்மேல் பழி சுமத்திப் பதவியை விட்டு நிறுத்தினார். அந்தப் பிரேசர் 1709இல் தாமே சென்னையின் தற்காலிக கவர்னர் ஆனார்.

அரசன் இருந்த இடத்தில் கம்பெனி உட்கார்ந்துவிட்டதை இரு தரப்பும் உணர்ந்தார்கள், பிட்தான் உணரவில்லை. யாருக்கு எந்த வரிசை என்று தீர்த்துவைப்பது தெற்கே அரசர்களின் வேலை. அந்த நாற்காலியில் அமர்ந்தவன் வியாபாரக் கணக்கில் ஒரு பக்கம் சாய்ந்தால், ஒவ்வொரு தீர்ப்பும் அடுத்த கலவரத்துக்கு விதையாகிவிடும். 1652 தொடங்கிச் சென்னையில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

அடிபட்டவர்கள் யார்? 1792 முதல் 31 ஆண்டுகள் தென்னாட்டில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, தாம் நேரில் கண்ட ஒரு சண்டையை எழுதியிருக்கிறார். தோல் தொழில் செய்யும் ஒருவர் ஒரு பொதுச் சடங்குக்குத் தலைப்பாகையில் சிவப்புப் பூச் செருகி வந்தார். அவர் சாதிக்கு அந்த உரிமை இல்லை என்று வலங்கைப் பறையர்கள் எதிர்த்தார்கள். அதுவே கலவரத்துக்குப் போதுமானதாக இருந்தது. பூ விஷயத்துக்கா என்று துபுவா வியக்கிறார். வியக்க ஒன்றுமில்லை. நிலமில்லை, கோயிலுக்குள் இடமில்லை, ஊர்த் தெருவில்கூட தாராளமாக நடக்க முடியாது. அப்படிப்பட்ட மனிதனுக்கு ‘வலங்கை முகத்தார்’ என்ற பட்டம் ஒன்று மிச்சமிருந்தது. திருவாரூர்த் தியாகராசர் திருவிழாவில் பறையர் தலைவர் ஒருவர் சாமிக்குப் பின்னே யானைமேல் அமர்ந்து வெண்சாமரம் வீசும் உரிமை பெற்றிருந்தார். ஆண்டில் ஒரு நாள் கிடைக்கும் மரியாதைக்காக மற்ற நாள்களை எல்லாம் பணயம் வைக்க ஆள் இருந்தது. மேலிருந்த தலைவர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. அவர்கள் கவர்னருக்கு மனு எழுதினார்கள். தெருவில் தடி தூக்கியவர்கள் இவர்கள்.

19ஆம் நூற்றாண்டில் இந்தப் பிரிவு மெல்லத் தளர்ந்தது. யாரும் ஒழிக்கவில்லை. சாதிகள் தனித்தனியே தங்கள் பெருமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டத் தொடங்கின; கம்மாளர் தங்கள் கல்யாணத்தைத் தாங்களே வேதமுறைப்படி நடத்திக்கொள்ளும் உரிமைக்காகச் சித்தூர் அதாலத்தில் வழக்காடி 1818இல் வென்றது பெயர்பெற்றது. தெருவை இன்ன கைக்கு என்று எழுதிக்கொடுக்கும் வேலையிலிருந்து அரசும் கழன்றுகொண்டது.

ஊர்வலத் தகராறு மட்டும் போகவில்லை. 1882இல் சேலத்தில் மசூதி முன்னால் மேளதாளத்தோடு சாமி ஊர்வலம் போவது பற்றி எழுந்த மோதல் பெருங்கலவரமானது. தெரு, கொட்டு, மரியாதை எல்லாம் பழையவையே. எதிரெதிரே நின்றவர்கள்தான் இப்போது இந்துக்களும் முஸ்லிம்களும். பொதுத் தெருவில் ஊர்வலம் போக எல்லாருக்கும் உரிமை உண்டு, பிறர் வழிபாட்டைக் கெடுக்காமலும் மாஜிஸ்திரேட்டின் ஆணைக்குக் கட்டுப்பட்டும் போகவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 1883இல் அந்தச் சேலம் வழக்கில்தான் சொன்னது. கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டுப் பத்தாண்டுத் தண்டனை பெற்ற நகராட்சி உறுப்பினர் ஒருவர், தம் வழக்கைத் தாமே உயர்நீதிமன்றம்வரை கொண்டுபோய் விடுதலையானார். சேலம் சி. விஜயராகவாச்சாரியார் என்ற அவர், 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தார்.