ஜெர்சிக்கு விலையா, சாட்சிக்கு விலையா?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த பூட்டைத் 'திண்டுக்கல் பூட்டு' என்று சொல்லி விற்கக் கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கே தனி மதிப்பு உண்டு. பழைய விளையாட்டு ஜெர்சிகளைத் தேடிச் சேர்ப்பவர்களின் உலகத்திலும் இதே கதைதான். அங்கே துணிக்கு விலை கிடையாது, சாட்சிக்குத்தான் விலை!

இதற்கு மரடோனாவின் சட்டையை விட நல்ல உதாரணம் இல்லை.

1986 ஜூன் 22, மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா மைதானம். உலகக்கோப்பை கால்பந்து காலிறுதியில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதின. அர்ஜென்டினா நீல நிற மாற்று உடையில் ஆட வேண்டும். கைவசம் இருந்த சட்டைகள் அந்த வெயிலுக்கு ரொம்பக் கனம் என்று பயிற்சியாளர் பிலார்டோ நினைத்தார். உடனே ஆளனுப்பி, உள்ளூர்க் கடையில் லேசான நீலச் சட்டைகளை வாங்கினார்கள். அவசர அவசரமாக அணியின் சின்னத்தைத் தைத்து, பளபளக்கும் வெள்ளி நிற எண்களை இஸ்திரி போட்டு ஒட்டினார்கள். அந்தக் கடைச் சட்டையில்தான் மரடோனா கையால் தட்டி ஒரு கோல் போட்டார். நான்கு நிமிடம் கழித்து, தன் பக்கத்துப் பாதியிலிருந்தே பந்தைக் கொண்டுபோய் இன்னொரு கோல். அர்ஜென்டினா 2-1 என்று ஜெயித்தது.

ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் மரடோனாவிடம் சட்டை மாற்றிக்கொண்டார். ஒரு சட்டைக்கு ஒரு சட்டை, அவ்வளவுதான். பின்னாளில் அது சுமார் 20 ஆண்டுகள் இங்கிலாந்தின் தேசிய கால்பந்து அருங்காட்சியகத்தில் இருந்தது.

2022ல் சோத்பீஸ் நிறுவனம் அதை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது ஒரு சிக்கல் வந்தது. அது முதல் பாதியில் போட்ட சட்டை, கோல் அடித்தது வேறு சட்டையில் என்றார் மரடோனாவின் மகள். இரண்டு கோலும் இரண்டாம் பாதியில் விழுந்தவை. அப்படியானால் விலை என்ன ஆகும்? சோத்பீஸ் அன்றைய புகைப்படங்களை எடுத்து, சின்னம், கோடுகள், எண் எல்லாவற்றையும் சட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பொருந்தியது என்று அறிவித்தது. 71 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது!

இரண்டும் ஒரே துணி, ஒரே அணி, ஒரே நாள். வித்தியாசம் சாட்சி மட்டும்தான்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை என்ன ஆகும் என்று 1970ல் ஜார்ஜ் ஏகர்லாஃப் பழைய கார்களை வைத்து விளக்கினார். ஏமாறுவோமோ என்ற பயத்தில் எல்லோரும் குறைத்தே கேட்பார்கள். நேர்மையாக விற்பவருக்கும் சேர்த்துத்தான் நஷ்டம். 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே நல்ல சேகரிப்பாளர்கள் மூன்றைப் பிரித்துச் சொல்வார்கள்: போட்டியில் போட்டது, வீரருக்காகத் தைத்துப் போடாமல் விட்டது, ரசிகர்களுக்காகக் கடையில் விற்ற ரெப்ளிகா. கிழிசல், தையல், கறை எதையும் மறைக்க மாட்டார்கள். மாற்றிக்கொள்ளும் இரண்டு சட்டைக்கும் மதிப்பு சமமாக இல்லையென்றால் மீதியைப் பணமாகவோ இன்னொரு சட்டையாகவோ கொடுத்துவிடுவார்கள்.

வாங்குபவருக்கும் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1983 உலகக்கோப்பையில் கபில்தேவ் அணி ஆடியது வெள்ளை உடையில். இந்தியா உலகக்கோப்பையில் வண்ண உடை போட்டது 1992ல்தான். '1983 நீல ஜெர்சி ஒரிஜினல்' என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நடக்கலாம். நைக்கி நிறுவனம் இந்திய அணிக்கு உடை கொடுக்கத் தொடங்கியது 2006ல். 2003 உலகக்கோப்பைச் சட்டையில் நைக்கி குறி இருந்தால் அதுவும் டூப்ளிகேட்.

2024ல் திண்டுக்கல் டிராகன்ஸ் அணி அஸ்வின் தலைமையில் முதல்முறையாக டிஎன்பிஎல் கோப்பையை வென்றது. அந்த வருடச் சட்டை யார் வீட்டு பீரோவிலாவது இருந்தால், எப்போது எங்கே கிடைத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு போட்டோவும் சேர்த்து வைப்பது நல்லது. முப்பது வருடம் கழித்து அந்தச் சீட்டுதான் பேசும்.